ஏதுவும் முதுமொழியும்: சீன வானிலைப் பழமொழிகளை மதிப்பிடும் முறை

உலகப் பழமொழிகள் என்னும் பெயரில் தமிழில் வெளிவரும் தொகுப்புகளில் சீனப் பழமொழிகளுக்கு ஓரிடம் உண்டு. அவை பெரும்பாலும் அறவுரைகளாகவே அமைகின்றன. எந்த வட்டாரத்தில், எந்தப் பருவத்தில், எத்தொழில் செய்வார் வாயில் வழங்கியவை என்னும் குறிப்பு அங்கு இடம்பெறுவது அரிது. சீன உழவர் வழக்கிலுள்ள வானிலைப் பழமொழிகளும் இவ்வாறே பெயர்க்கப்படும்போது, 'சீனரின் தொன்மை ஞானம்' என்னும் பொதுப்பெயருக்குள் தம் தனித்தன்மையை இழந்துவிடுகின்றன. இவற்றை அறிவியலுக்கு முந்திய நம்பிக்கைகள் எனத் தள்ளுவாரும் உளர். போற்றுவோரும் தள்ளுவோரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். பழமொழியின் சொல்லைக் காணும் அவர்கள் அச்சொல் சார்ந்து நிற்கும் காரணத்தைக் காண்பதில்லை.

தொல்காப்பியச் செய்யுளியல் முதுமொழிக்கு இலக்கணம் கூறுமிடத்து நுண்மை, சுருக்கம், ஒளியுடைமை முதலிய பண்புகளை எண்ணுகின்றது. அவற்றோடு நில்லாது, குறித்த பொருளை முடித்தற்கு உரிய ஏதுவைச் சுட்டி வருவதே முதுமொழி என்றும் வரையறுக்கின்றது. சுருக்கமும் ஒளியும் வடிவம் பற்றியவை. ஏது பொருள் பற்றியது. இவ்வளவுகோலைக் கொண்டு சீன வானிலைப் பழமொழிகளை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வடிவம் இருந்தும் ஏது இல்லாதபோது பழமொழி என்னவாகும் என்னும் வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டுச் சீன வரலாறு கொடியதொரு விடையைத் தந்துள்ளது. அதுவும் இங்கு ஆராயப்படுகின்றது.

பழமொழியைச் சான்றாகக் கொண்ட மரபு

சீன வேளாண் நூல்கள் பழமொழியை அணியாக மட்டும் கையாளவில்லை, சான்றாகவும் கையாண்டுள்ளன. கி.பி. ஆறாம் நூற்றாண்டில் ஜியா சிஷியே என்னும் அதிகாரி இயற்றிய 'சீமின் யாவ்ஷு' பத்துத் தொகுதிகளும் தொண்ணூற்றிரண்டு இயல்களும் கொண்ட பெருநூல். வட சீனத்தின் உழவு, தோட்டம், கால்நடை, உணவுப் பக்குவம் ஆகியவற்றை அது விரித்துரைக்கின்றது. தம் செய்திகளைத் திரட்டிய முறையை அந்நூலாசிரியர் முன்னுரையில் தெளிவுபடுத்துகின்றார். பண்டை நூல்களிலிருந்து தொகுத்தமை, மக்கள் வழக்கிலுள்ள பாடல்களையும் பழமொழிகளையும் சேர்த்துக்கொண்டமை, முதிர்ந்த உழவரைக் கேட்டறிந்தமை, செயலில் வைத்துச் சரிபார்த்தமை என நான்கு வழிகளை அவர் குறிப்பிடுகின்றார். பழமொழி இந்நான்கனுள் ஒன்று. ஏனைய மூன்றும் துணைநிற்க, இறுதியில் செயலால் சோதிக்கப்பட்ட பின்னரே அது ஏற்கப்படுகின்றது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

யுவான் காலத்து இறுதியையும் மிங் காலத்துத் தொடக்கத்தையும் சார்ந்த லோ யுவான்லியின் 'தியான்ஜியா வூஷிங்' மற்றொரு வகையில் முதன்மை பெறுகின்றது. அது யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள தாய் ஏரி வட்டாரத்தின் வானிலை வழக்குகளைத் தொகுத்த நூல். வானம், நிலம், நீர், மரஞ்செடிகள், பறவை விலங்குகள் எனக் குறிகளை அது வகைப்படுத்துகின்றது. முன்னது வறண்ட வடபுலத்தின் நூல். பின்னது நீர்வளம் மிக்க தென்புலத்தின் நூல். சீனப் பழமொழி என்று ஒருமையில் பேசுவதற்கு முன்னர் எந்தச் சீனத்தின் பழமொழி என்று கேட்க வேண்டும் என்பதை இவ்விரு நூல்களின் வேறுபாடே உணர்த்திவிடுகின்றது.

நிலம்: செவ்வானத்தின் எல்லை

'காலைச் செவ்வானமா, வீட்டை விட்டுப் போகாதே. மாலைச் செவ்வானமா, ஆயிரம் லீ நடந்து போ' என்பது சீனம் முழுவதும் அறியப்பட்ட பழமொழி. 'லீ' என்பது ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் கொண்ட தொலைவளவு. மூலத்தில் அடிக்கு ஐந்து அசையாக இரண்டே அடிகள். எழுவாயும் காலமும் நிபந்தனைச் சொல்லும் அவற்றில் இல்லை. காலைச் செவ்வானம், மாலைச் செவ்வானம் என்னும் எதிரிணையே முழுப்பொருளையும் தாங்கி நிற்கின்றது.

இதன் ஏது தெளிவானது. நடுக்குறுக்கோட்டுப் பகுதிகளில் வானிலை அமைப்புகள் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நகர்கின்றன. மாலையில் மேற்கு வானம் சிவந்து தோன்ற வேண்டுமாயின், அத்திசையில் நெடுந்தொலைவுக்கு மேகமறைப்பு இன்றிக் கதிரவன் ஒளி வந்து சேர வேண்டும். மேற்கே தெளிந்திருக்கும் வானம் மறுநாள் தலைக்குமேல் வரும். காலையில் கீழ்வானத்து ஒளி மேகங்களைச் சிவக்கச் செய்யுமாயின், தெளிந்த வானம் கிழக்கே கடந்துவிட்டது என்றும் ஈரமும் மேகமும் மேற்கிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன என்றும் கொள்ளலாம். ஐரோப்பிய மொழிகளிலும் இதே கருத்துடைய வழக்குகள் உள்ளன. இவ்வொற்றுமைக்குக் கடன்கொள்ளலைக் காரணமாகத் தேட வேண்டியதில்லை. இரு நிலப்பரப்புகளும் ஒரே காற்றோட்டத்தின் கீழ் அமைந்துள்ளன என்பதே போதிய விளக்கமாகும்.

இப்பழமொழி தமிழில் பெயர்க்கப்படும்போது என்ன நேர்கின்றது? தமிழகத்திற்கு வடகிழக்குப் பருவமழையைத் தரும் அமைப்புகள் வங்கக் கடலில் இருந்து, அதாவது கிழக்கிலிருந்து, வருகின்றன. மேற்கு வானத்தின் தெளிவு அங்கு மறுநாளைய வானத்துக்குச் சான்றாகாது. மொழிபெயர்ப்பு எத்துணைச் செம்மையாக அமையினும், ஏது கடல் கடந்து வருவதில்லை. சொல் பெயர்க்கப்படுகின்றது, அச்சொல்லை மெய்யாக்கும் நிலம் பெயர்க்கப்படுவதில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள் எனக் கொண்ட தமிழ் மரபுக்கு இவ்வுண்மை புதிதன்று.

பொழுது: ஓர் அச்சில் மூன்று விதைப்புகள்

சீன உழவர் பழமொழிகளின் காலக்கணக்கு இருபத்து நான்கு கதிரவப் பருவக்கூறுகளை அடிப்படையாகக் கொண்டது. கதிரவனின் தோற்றப்பாதையைப் பதினைந்து பாகைகளாகப் பகுத்து, ஏறத்தாழப் பதினைந்து நாள்களுக்கு ஒன்றாக இவை அமைகின்றன. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் 'குவாய்நான்சி' நூலில் இவற்றின் முழுவரிசை காணப்படுகின்றது. கி.மு. 104இல் நடைமுறைக்கு வந்த தாய்ச்சூ நாள்காட்டியில் இவை இடம்பெற்றன. யுனெஸ்கோ நிறுவனம் 2016ஆம் ஆண்டு இவ்வறிவு மரபை மானுடத்தின் தொட்டுணரவியலாப் பண்பாட்டு மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

சீன மரபு நாள்காட்டியின் மாதங்கள் திங்களைப் பின்பற்றுவன. ஆதலின் அவற்றின் நாள்கள் ஆண்டுதோறும் கதிரவன் பருவத்தினின்று முன்னும் பின்னுமாக விலகும். உழவுக்கோ கதிரவனே கணக்கு. இவ்விடைவெளியை நிரப்பவே பருவக்கூறுகள் தேவைப்பட்டன. தமிழ் மாதங்கள் கதிரவன் வழிப்பட்டவை ஆதலால், 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் தமிழ்ப் பழமொழி மாதப்பெயரையே நேராகச் சுட்டி நிற்க முடிகின்றது. சீன உழவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை.

மஞ்சள் ஆற்றின் வடபுலச் சமவெளியில் குளிர்காலக் கோதுமை விதைப்புக்கு வழங்கும் பழமொழி, 'வெண்பனித்துளி முந்தியது, குளிர்பனித்துளி பிந்தியது, சமநாளில் விதைத்தால் சரியான பொழுது' என்பதாம். வெண்பனித்துளி செப்டம்பர் 7, 8 நாள்களையும், இலையுதிர்காலச் சமநாள் செப்டம்பர் 23ஐ ஒட்டிய நாள்களையும், குளிர்பனித்துளி அக்டோபர் 8, 9 நாள்களையும் ஒட்டித் தொடங்குவன. தெற்கே ஹெனான் பகுதிக்கு வரும்போது இதே அச்சு, 'சமநாள் முந்தியது, உறைபனி இறக்கம் பிந்தியது, குளிர்பனித்துளியில் விதைத்தால் சரியான பொழுது' என மாறுகின்றது. இன்னும் தெற்கே ஜெஜியாங்கில் 'குளிர்பனித்துளி முந்தியது, குளிர்காலத் தொடக்கம் பிந்தியது, உறைபனி இறக்கத்தை ஒட்டியே சரியான பொழுது' என வழங்குகின்றது. உறைபனி இறக்கம் அக்டோபர் 23, 24 நாள்களிலும் குளிர்காலத் தொடக்கம் நவம்பர் 7, 8 நாள்களிலும் வருவன.

இம்மூன்றையும் அருகருகே வைத்து நோக்கினால் பழமொழியின் உள்ளமைப்பு புலனாகின்றது. 'இது முந்தியது, அது பிந்தியது, நடுவிலிருப்பதே பொழுது' என்னும் வாய்பாடு மாறாமல் நிற்க, அதனுள் வைக்கப்படும் பெயர்கள் நிலத்துக்கேற்ப மாறுகின்றன. முந்தி விதைத்த கோதுமை குளிருக்கு முன்னரே மிகையாக வளர்ந்து கேடுறும். பிந்தி விதைத்தது வேரூன்றிக் கிளைப்பதற்கு முன் குளிரில் சிக்கும். தெற்கே குளிர் பிந்தி வருவதால் விதைப்பும் பிந்துகின்றது. வாய்பாடு நினைவுக்கு உதவுகின்றது. பெயர்மாற்றம் மெய்ம்மையைக் காக்கின்றது. மூன்றனுள் ஒன்றை மட்டும் எடுத்துச் 'சீனப் பழமொழி' எனத் தருவோர் மற்ற இரண்டையும் அறியாமலே பொய்யாக்குகின்றனர். அன்றியும், குளிர்காலம் வெப்பமடைந்து வருவதால் வடசீனச் சமவெளியில் உகந்த விதைப்பு நாள் பிந்திவருவதை வேளாண் அறிஞர்கள் கவனித்துள்ளனர். நிலத்துக்கேற்பப் பெயரை மாற்றிக்கொண்ட பழமொழி, மாறிவரும் பருவத்துக்கேற்பவும் மாற்றிக்கொள்ளுமா என்பது இனிக் காணவேண்டியது.

பொழுதின் இன்றியமையாமையைப் பனிப்பொழிவு பற்றிய வழக்குகளும் காட்டுகின்றன. 'இக்குளிரில் கோதுமை மூன்று போர்வை போர்த்தினால், அடுத்த ஆண்டு மாவப்பத்தைத் தலையணையாக வைத்துத் துயிலலாம்' என்பது வடபுல வழக்கு. நிலத்தின் மேல் படியும் பனி, கடுங்குளிர் பயிரின் வேருக்குச் செல்லாமல் போர்வைபோல் தடுக்கின்றது. வசந்தத்தில் உருகி வறண்ட மண்ணுக்கு நீராகின்றது. ஆயின் 'குளிர்காலப் பனி செல்வம், வசந்தப் பனி களை' என்றும் ஒரு பழமொழி உண்டு. துளிர்த்துவிட்ட பயிரின்மேல் விழும் பனி அதனைக் கெடுக்கும். பொருள் ஒன்றே, பொழுது மாறியதும் பயன் தலைகீழாகின்றது.

ஏது தோன்றாப் பழமொழிகள்

சீன வானிலைப் பழமொழிகள் அனைத்தும் இத்தகைய உறுதியுடையன அல்ல. 'தண்ணீர்த் தாழி வியர்க்கிறது, தேரை கத்துகிறது. பெருமழைக்கு இனி நாளில்லை' என்பதில் ஏது கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளது. காற்றில் ஈரம் மிகும்போது குளிர்ந்த தாழியின் புறத்தே நீர் படிகின்றது. 'ஒவ்வோர் இலையுதிர் மழைக்கும் ஒரு படி குளிர்' என்பதிலும் வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றே மழையையும் அதன் பின்னான குளிரையும் ஒருங்கே தருகின்றது.

ஆனால், 'எட்டாம் மாதம் பதினைந்தில் மேகம் நிலவை மறைத்தால், முதல் மாதம் பதினைந்தில் பனி விளக்குகளின்மேல் விழும்' என்னும் புகழ்பெற்ற பழமொழியை இவற்றோடு ஒப்பவைத்தல் இயலாது. நடு இலையுதிர் விழாவின் நிலவையும், ஏறத்தாழ ஐந்து திங்களுக்குப் பின் வரும் விளக்கு விழாவின் பனியையும் அது இணைக்கின்றது. இரு நாள்களும் திங்கள்வழி நாள்காட்டியைச் சார்ந்தவை. ஆண்டுக்கு ஆண்டு கதிரவப் பருவத்தில் இடம் மாறுபவை. இங்குச் சுருக்கம் உண்டு, ஒளி உண்டு, இரு விழாக்களையும் இணைக்கும் அழகிய காட்சி உண்டு. இல்லாதது ஏதுவே. இது மக்களின் கற்பனைக்குச் சான்றாகலாம், வானிலைக்குச் சான்றாகாது. திறனாய்வு இவ்வேறுபாட்டை மறைக்குமாயின், ஏதுவுடைய பழமொழிகளின் மதிப்பையும் சேர்த்தே குறைத்துவிடும்.

அன்றாட வாழ்வின் பழமொழிகளிலும் இப்பகுப்பு பொருந்தும். 'வசந்தத்தில் போர்த்திக்கொள், இலையுதிர் காலத்தில் சற்றே குளிரவிடு' என்பது பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை பெரிதும் மாறும் வடபுலத்தின் பட்டறிவு. தென்கோடியில் குவாங்டோங் மக்கள் இதையே, ஐந்தாம் மாதத் திருநாளின் சோற்றுப் பொதியை உண்ணும்வரை குளிராடையை மடித்து வைக்காதே என வேறொரு பொழுதைச் சுட்டிக் கூறுகின்றனர். 'உண்டபின் நூறடி நட, தொண்ணூற்றொன்பது வரை வாழ்' என்பதில் வரும் எண்ணோ கணக்கன்று. சீனத்தில் ஒன்பதைக் குறிக்கும் சொல்லும் நெடுங்காலத்தைக் குறிக்கும் சொல்லும் ஒரே ஒலியுடையன. அவ்வொலி 'நட' என்னும் சொல்லோடும் இயைகின்றது. நடக்கச் சொன்னது பட்டறிவு. தொண்ணூற்றொன்பதைத் தந்தது இயைபு.

வடிவம் மட்டும் எஞ்சியபோது

இயைபு தரும் மிகை ஓர் எண்ணளவில் நின்றால் தீங்கில்லை. அதுவே பழமொழியின் முழுப்பொருளாக மாறும்போது நேர்வதை 1958ஆம் ஆண்டு காட்டுகின்றது.

சீன உழவர் வழக்கில், 'மனிதன் நிலத்தை ஒரு பொழுது ஏமாற்றினால், நிலம் மனிதனை ஓராண்டு ஏமாற்றும்' என்றொரு பழமொழி உண்டு. மூலத்தில் ஐந்தசை கொண்ட இரண்டு அடிகள். முதலடி மனிதனில் தொடங்குகின்றது. இரண்டாமடி நிலத்தில் தொடங்குகின்றது. பொழுது தவறியவனுக்கு நிலம் அவ்வாண்டில் மறுவாய்ப்புத் தருவதில்லை என்பதே அதன் ஏது.

1958 ஆகஸ்ட் 27 அன்று சீனத்தின் 'மக்கள் நாளேடு', ஷாண்டோங் மாநிலத்தின் ஷௌஜாங் வட்டத்திலிருந்து வந்த செய்திக்கு இட்ட தலைப்பு, 'மனிதனுக்கு எத்துணைத் துணிவோ, நிலத்துக்கு அத்துணை விளைவு' என்னும் பொருளுடையது. இதுவும் ஐந்தசை கொண்ட இரண்டு அடிகள். இதுவும் மனிதனில் தொடங்கி நிலத்துக்குச் செல்கின்றது. துணிவைக் குறிக்கும் சொல்லும் விளைவைக் குறிக்கும் சொல்லும் ஈற்றில் இயைகின்றன. செவிக்கு இது முழுமையான உழவர் பழமொழி.

பொருளிலோ இரண்டும் எதிர்த்துருவங்கள். முன்னதில் நிலமே இறுதிச்சொல்லை உரைக்கின்றது. பின்னதில் நிலத்துக்குச் சொல்லே இல்லை, மனிதனின் துணிவை எதிரொலிப்பதே அதன் பணி. முன்னதில் பொழுது உண்டு; பின்னதில் பொழுதும் இல்லை, நிலவேறுபாடும் இல்லை, நீரும் விதையும் குளிரும் இல்லை. 'பெரும் பாய்ச்சல்' காலத்தில் ஆழ உழுதலும் நெருக்க நடுதலும் வட்டார வேறுபாடு கருதாமல் எங்கும் வற்புறுத்தப்பட்டன. மெய்யான விளைச்சலினும் பன்மடங்கு மிகைப்படுத்திய கணக்குகள் மேலே அனுப்பப்பட்டன. அக்கணக்குகளின்படி தானியம் கொள்முதல் செய்யப்பட்டது. 1959 முதல் 1961 வரை நீடித்த பஞ்சத்தில் மாண்டோர் தொகை ஒன்றரைக் கோடி முதல் நான்கரைக் கோடி வரை எனப் பலவாறாக மதிப்பிடப்படுகின்றது. அப்பேரழிவுக்கு ஒரு முழக்கத்தைக் காரணமாக்குதல் பொருந்தாது. கொள்கையும் அதிகாரமுமே காரணங்கள். எனினும் அக்கொள்கைக்கு உழவரின் குரலையே இரவலாகத் தந்தது பழமொழியின் வடிவம் என்பதை மறுத்தற்கியலாது.

இதன் முரண் ஆழமானது. அதே காலத்தில்தான் வட்ட அளவிலான வானிலை நிலையங்கள் உழவரின் வானிலைப் பழமொழிகளைத் திரட்டி உள்ளூர் முன்னறிவிப்புக்குப் பயன்படுத்தின. வானத்தைப் பற்றி உழவர் சொன்னது கேட்கப்பட்டது; நிலத்தைப் பற்றி அவர் அறிந்தது கேட்கப்படவில்லை. முதிர்ந்தோரைக் கேட்டலும் செயலில் சோதித்தலும் இன்றிப் பழமொழி வடிவம் மட்டும் எஞ்சினால் என்ன நேரும் என்பதை, ஜியா சிஷியேயின் நால்வழி முறையோடு ஒப்பிட்டு உணரலாம்.

இவ்விடத்தில் ஜு கெஜென் (1890–1974) என்னும் வானிலை அறிஞரின் அணுகுமுறை மாற்றாக நிற்கின்றது. வான் மின்வெய்யுடன் இணைந்து எழுதி 1963இல் வெளியிட்ட 'பருவநிகழ்வியல்' நூலில், செடி பூப்பதையும் பறவை வருவதையும் கொண்டு பருவத்தைக் கணிக்கும் உழவர் அறிவை அவர் அறிவியலின் மூலப்பொருளாகக் கொண்டார். குறுக்கோடு, நெடுக்கோடு, உயரம் ஆகியவற்றுக்கேற்பப் பருவநிகழ்வுகள் வேறுபடுதலை அந்நூல் விளக்குகின்றது. விதைப்புப் பழமொழிகள் பெயர்மாற்றத்தால் உணர்த்திய நிலவேறுபாட்டை இங்கு அறிவியல் தன் மொழியில் கூறுகின்றது.

மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு

சீனப் பழமொழியைத் தமிழில் தருவோர் எதிர்கொள்ளும் முதல் இடர் சொல்வழிப்பட்டது. தமிழில் 'பனி' என்னும் ஒரு சொல்லே பனித்துளியையும் மூடுபனியையும் உறைபனியையும் பனிப்பொழிவையும் குறிக்க வல்லது. 'உரிய பனி நல்விளைச்சலின் அறிகுறி' எனப் பெயர்த்தால், தமிழ் வாசகர் மார்கழியின் பனித்துளியை எண்ணிக்கொள்வர். கோதுமையைப் போர்த்தும் வெண்போர்வை அவர்தம் மனக்கண்ணில் தோன்றாது. இரண்டாம் இடர் தொடரமைப்பு வழிப்பட்டது. சீனம் நிபந்தனையைச் சொல்லாமல் இருசொல் அருகருகே வைத்து உணர்த்தும். தமிழ், '-ஆல்' ஈற்றால் அதனை வெளிப்படுத்தலாம். வெளிப்படுத்தாமல் ஏவலாக விட்டால் பழமொழி கட்டளையாகிவிடும். மூன்றாவது, எதுகை மோனையின் ஈர்ப்பு. 'காலைச் செவ்வானம் வாயில் தாண்டாதே, மாலைச் செவ்வானம் மலையும் தாண்டிப் போ' எனப் பெயர்ப்பது செவிக்கு இனிது. ஆயின் சமவெளிப் பயணியின் ஆயிரம் லீ மலையாகி, நிலமே மாறிவிடுகின்றது.

ஆகவே, பழமொழியோடு அதன் வட்டாரம், பருவக்கூறு, பயிர் ஆகியவற்றையும் ஓரிரு சொற்களில் குறித்தல் இன்றியமையாதது. அது பழமொழியின் அழகைக் குறைக்கும் என்னும் அச்சம் தேவையற்றது. அக்குறிப்பு இன்றி அழகு மட்டும் எஞ்சுவதே அஞ்சத்தக்கது.

முடிவுரை

சீன வானிலைப் பழமொழிகளின் மதிப்பு அவற்றின் தொன்மையிலோ இயைபிலோ தங்கியிருக்கவில்லை. ஒரு நிலத்தில், ஒரு பொழுதில், ஒரு பயிரோடு நின்று மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்டமையே அவற்றுக்கு உறுதி தந்தது. கோதுமை விதைப்பின் மூன்று வடிவங்கள் அதற்கு நற்சான்று. விளக்கு விழாப் பனி பற்றிய பழமொழி மரபுக்குள்ளேயே ஏது தோன்றா வழக்குகளும் உண்டென உணர்த்துகின்றது. 1958இன் முழக்கம், ஏது முற்றும் நீங்கிய வடிவம் எத்துணை எளிதில் பழமொழியாக நடிக்க வல்லது என்பதைக் காட்டுகின்றது. முதுமொழியின் பண்புகளோடு ஏதுவையும் இணைத்துச் சொன்ன தமிழிலக்கண மரபு, இவ்விரண்டையும் பிரித்தறியும் கருவியை முன்பே தந்துள்ளது. பிறமொழிப் பழமொழிகளைத் தொகுக்கவும் பெயர்க்கவும் முற்படும் தமிழாய்வு அக்கருவியைக் கையிலெடுப்பதே முறையாகும்.